அலுவலக டியூப் லைட்டின் பேலஸ்ட்டைப் பாதுகாப்பாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்கும், அவர்களை மேலே ஏறச் சொல்லும் சூப்பர்வைசர்களுக்கும், "லைட் எரியவில்லை, யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்கும் அலுவலக நிர்வாகிகளுக்கும் இதை எழுதுகிறேன். எல்இடி வந்துவிட்டாலும் பழைய கட்டடங்களில் டியூப் லைட்டுகள் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. பேலஸ்ட் மாற்றுவது என்பது நாலைந்து வயரைக் கழற்றி மாட்டும் வேலைதான். அந்த வயரில் கரண்ட் இல்லை என்று சும்மா நம்பிவிடுவதால்தான் ஆபத்து வருகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் பல, கரண்ட் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்வதைப் பற்றியவை.

பேலஸ்ட், சோக் இரண்டும் ஒன்றா? அது என்ன வேலை செய்கிறது?

ஒன்றுதான். டியூப்புக்குள் வாயு எரியத் தொடங்கிவிட்டால் அதன் மின்தடை மளமளவென்று குறையும். கட்டுப்படுத்தாவிட்டால் கரண்ட் ஏறிக்கொண்டே போய் டியூப் நாசமாகிவிடும். அந்தக் கரண்ட்டை அளவோடு நிறுத்திவைப்பது பேலஸ்ட். டியூப்பைப் பற்றவைக்கத் தேவையான கூடுதல் வோல்டேஜுக்கும் அதன் உதவி வேண்டும்.

பழைய வகை, இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் சுற்றிய கனமான சோக். அதனுடன் ஸ்டார்ட்டர் இருக்கும். பல இடங்களில் கெப்பாசிட்டரும் இருக்கும். புதிய வகை, எலெக்ட்ரானிக் பேலஸ்ட்: எடை குறைவு, ஸ்டார்ட்டர் கிடையாது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மாற்றி டியூப்புக்குக் கொடுக்கும். அதனால் மினுக்கலும் ரீங்காரமும் இல்லை.

இந்த வேலையை யார் செய்யலாம்?

டியூப்பையும் ஸ்டார்ட்டரையும் மாற்றுவது வேறு. பேலஸ்ட் என்றால் ஃபிட்டிங்கைத் திறந்து, கட்டடத்தின் நிலையான வயரிங்கைத் தொட வேண்டும். சிங்கப்பூரில் அந்த வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியரோ அவருடைய மேற்பார்வையில் இருப்பவரோதான் செய்ய வேண்டும். இந்த உரிமத்தில் எலெக்ட்ரிஷியன், டெக்னீஷியன், எஞ்சினியர் என்று மூன்று நிலைகள் உண்டு. எலெக்ட்ரிஷியன் உரிமம் 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரையுள்ள இணைப்புகளுக்கு. பெரிய அலுவலகக் கட்டடம் அதைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட கட்டடத்துக்குத் தனி மின் இணைப்பு உரிமமும், அதைக் கவனிக்க ஓர் உரிம ஊழியரும் இருப்பார்கள். முதலில் பேச வேண்டியது அவரிடம்தான்.

அலுவலக நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. வருபவரிடம் உரிமத்தைக் கேட்டால் அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமதாரர்களைத் தேடிப் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் காட்டத் தயங்க மாட்டார்.

உரிமம் இல்லாத உதவியாளராக இருக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். "நீ ஊரில் ஐடிஐ முடித்தவன்தானே, போய் மாட்டிவிட்டு வா" என்று தனியாக அனுப்பினால் அது மேற்பார்வை ஆகாது.

பேலஸ்ட்தான் போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மலிவான பொருளிலிருந்து தொடங்குங்கள். நன்றாக எரிகிற டியூப் ஒன்றை மாட்டிப் பாருங்கள். இரண்டு முனையும் கறுத்திருந்தால் பெரும்பாலும் டியூப்தான். இரண்டு முனையும் விடாமல் சிவந்து, நடுவில் பற்றாமல் நின்றால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். புது டியூப், புது ஸ்டார்ட்டர் போட்டும் அசைவே இல்லை என்றால், அல்லது கருகிய வாடை, உருகி ஒழுகிய தார் போன்ற பொருள், அளவுக்கு மீறிய ரீங்காரம் இருந்தால், பேலஸ்ட்டைச் சந்தேகிக்கலாம். எலெக்ட்ரானிக் வகையில் இரண்டு டியூப்பும் சேர்ந்தே அணைந்தால் பேலஸ்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு டியூப் போனால் இரண்டையும் அணைத்துவிடும் பேலஸ்ட்கள் உண்டு.

ஒரு வரிசையே எரியவில்லை என்றால் பேலஸ்ட்டை விட்டுவிட்டு பிரேக்கரையும் சென்சாரையும் பாருங்கள்.

சுவரில் சுவிட்சை ஆஃப் செய்தால் போதாதா?

போதாது. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, யாரோ ஒருவர் வந்து அதை ஆன் செய்வார். இருட்டாக இருக்கும் அலுவலகத்துக்குள் நுழைபவரின் கை சுவிட்சுக்குத்தான் போகும். நீங்கள் ஃபால்ஸ் சீலிங்கில் தலையை விட்டிருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டாவது, பல அலுவலகங்களில் லைட்டை அணைப்பது சுவிட்சே இல்லை. டைமர், ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார், கட்டட நிர்வாகக் கணினி என்று ஏதோ ஒன்று கான்டாக்டர் என்னும் தானியங்கி சுவிட்சை இயக்குகிறது. இரவு பத்து மணிக்கு லைட் அணைந்திருக்கிறதே என்று நீங்கள் கையை வைத்திருக்கும்போது, கீழே துப்புரவு அக்கா நடந்துபோனால் சென்சார் விழித்துக்கொள்ளும்.

மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. சுவிட்ச், கரண்ட் வரும் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கிறது, அது திரும்பிப் போகும் நியூட்ரலை அல்ல. என்றைக்கோ யாரோ வயரை மாற்றிப் போட்டு, சுவிட்ச் நியூட்ரலைத் துண்டித்துக்கொண்டிருந்தால், லைட் அணைந்திருக்கும். ஃபிட்டிங்குக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். நான்காவது, ஒரே ஃபிட்டிங்குக்கு இரண்டு சுவிட்சிலிருந்து கரண்ட் வரலாம். நான்கு டியூப் உள்ள சதுர ஃபிட்டிங்கில் இரண்டு பேலஸ்ட் இருக்கும். பாதி வெளிச்சம் போதும் என்னும் நேரத்துக்காக அவற்றைத் தனித்தனியாக இயக்குவார்கள். அந்த இரண்டும் வேறு வேறு ஃபேஸ் (கட்டடத்துக்கு வரும் மூன்று லைவ் வழிகளில் ஒன்று) என்றால், இரண்டு லைவ் வயருக்கு இடையே இருப்பது 400 வோல்ட்.

ஆகவே டிபியில், அதாவது பிரேக்கர்கள் இருக்கும் மின் பெட்டியில், பிரேக்கரை அணைத்து, பூட்டுப் போட வேண்டும்.

பூட்டு, டேக் எல்லாம் சின்ன வேலைக்கும் வேண்டுமா?

வேண்டும். பிரேக்கரின் நெம்பு மேலே ஏறாதபடி பிடிக்கும் சின்னக் கிளிப்பும், ஒரு பூட்டும், ஒரு டேக்கும்தான் செலவு. டேக்கில் உங்கள் பெயர், கைபேசி எண், தேதி, எந்த இடத்தில் வேலை நடக்கிறது என்பது இருக்கட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் நல்லது. சீனத்தில் எழுதத் தெரிந்த கூட்டாளி இருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். டிபி அறைக்கு யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது.

சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் மேசையில் வேண்டாம், பூட்டிலேயே தொங்கவும் வேண்டாம். இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஒருவர் முடித்துவிட்டுத் தன் பூட்டை எடுத்தாலும் மற்றவர் பூட்டு பிரேக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

டிபியில் ஒட்டியிருக்கும் பட்டியலை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைதாரர் மாற மாற அறைகளைப் பிரித்திருப்பார்கள், இணைத்திருப்பார்கள். பட்டியல் பழையபடியே கிடக்கும். லைட்டை எரியவிட்டு, ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்க, பிரேக்கரை அணைத்து எது அணைகிறது என்று பாருங்கள். அதற்கு முன் அந்தப் பகுதியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை.

டெஸ்ட் பென் எரியவில்லை. அப்படியானால் கரண்ட் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ஸ்குரூடிரைவர் போன்ற நியான் டெஸ்ட் பென், உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் மிகச் சிறு கரண்ட்டை நம்பி எரிகிறது. நீங்கள் ஃபைபர் ஏணியில், ரப்பர் அடிக்காலணியுடன் நிற்கும்போது அது மங்கலாக எரியலாம், எரியாமலும் போகலாம். தொடாமலே பீப் அடிக்கும் வகையும் பேட்டரி தீர்ந்தால் மௌனமாகிவிடும். "எரிகிறது" என்று அவை சொன்னால் நம்புங்கள். "எரியவில்லை" என்றால் அதை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்ட்டர் வேண்டும். முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து, டெஸ்ட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃபிட்டிங்கில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என்று மூன்று இடத்திலும் வையுங்கள். முடித்துவிட்டு, முதலில் பார்த்த இடத்துக்கே போய் டெஸ்ட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அந்த மூன்றாவது படியை நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்ட்டர் கெட்டுப்போயிருந்தால் அது காட்டும் பூஜ்யத்துக்கு அர்த்தமே இல்லை.

பக்கத்து ஃபிட்டிங்குக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து. ஒரே வரிசையில் இருப்பதால் ஒரே சர்க்யூட் என்று கணக்குப் போடாதீர்கள். வரிசைகளை வேண்டுமென்றே மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடுவது பெரிய அலுவலகங்களில் வழக்கம்.

வயரின் நிறத்தை வைத்து லைவ், நியூட்ரல் சொல்லிவிடலாமா?

சிங்கப்பூரில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. இங்கே வயர் நிற முறை 2009-இல் மாறியது. அதற்கு முன் மூன்று ஃபேஸுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு. இப்போது ஃபேஸுக்குப் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரலுக்கு நீலம். எர்த் மட்டும் பச்சை-மஞ்சளாகவே இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீலம் அன்றைக்கு லைவ், இன்றைக்கு நியூட்ரல். கறுப்பு அன்றைக்கு நியூட்ரல், இன்றைக்கு லைவ். 1990-களில் கட்டிய ஒரு கட்டடத்தில் அசல் வயரிங் பழைய நிறத்தில் இருக்கும். 2015-இல் ஒரு மாடியைப் புதுப்பித்திருந்தால் அங்கே புதிய நிறம். இரண்டும் ஒரே சீலிங்குக்குள் ஒரு கனெக்டரில் சந்திக்கும். இன்றைய நிறங்களை மட்டும் படித்துவிட்டு வந்த இளைஞர், நீல வயரைப் பார்த்ததும் நியூட்ரல் என்று நினைத்துக் கை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிறத்தைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை டெஸ்ட்டர் சொல்லட்டும்.

நியூட்ரல் வயரிலும் ஷாக் அடிக்கும் என்கிறார்களே?

அடிக்கும். வயர் மிச்சம் பிடிக்க, இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை எப்போதோ யாராவது இணைத்திருப்பார்கள். உங்கள் சர்க்யூட்டின் பிரேக்கரை அணைத்துவிட்டீர்கள். டெஸ்ட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் அது இன்னும் டிபியோடு இணைந்திருக்கிறது. ஆனால் பக்கத்து சர்க்யூட்டின் லைட்டுகள் அதே வயர் வழியாகத்தான் திரும்பிப் போகின்றன. நீங்கள் அந்த நியூட்ரலைக் கனெக்டரிலிருந்து பிரித்த நொடியில், லைட்டுகள் பக்கம் இருக்கும் முனை 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அதுவரை எரிந்த அடுத்த வரிசை அணைந்தால் காரணம் இதுதான்.

அதனால், ஃபிட்டிங்கிலிருந்து அடுத்த ஃபிட்டிங்குக்குத் தாவும் நியூட்ரல் வயர்களைப் பிரிக்காதீர்கள். அவற்றைக் கனெக்டரிலேயே சேர்த்து வைத்துவிட்டு, பேலஸ்ட்டுக்குப் போகும் வயரை மட்டும் எடுங்கள். பிரிக்காமல் முடியாது என்றால், பிரிக்கும்போது இரண்டு முனையையும் கரண்ட் உள்ள வயராகவே பாவித்து, பிரித்த பிறகு மறுபடி டெஸ்ட் செய்யுங்கள்.

எமர்ஜென்சி லைட் ஃபிட்டிங்கில் என்ன வித்தியாசம்?

சில டியூப் லைட்டுகளுக்குள் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கும். கட்டடத்தில் கரண்ட் போனால் ஆட்கள் வெளியேற வழி தெரிய வேண்டும் என்பதற்காக. பிரேக்கரை அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அந்த இன்வெர்ட்டர் வேலையைத் தொடங்கிவிடும். நீங்கள் பாதுகாப்புக்காகச் செய்த அதே செயலால் டியூப் ஹோல்டரில் உயர் வோல்டேஜ் வந்து நிற்கும். ஃபிட்டிங்கைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் பிளக்கைக் கழற்றுங்கள். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சின்ன விளக்கு வெளியே தெரிந்தால், அது இந்த வகை என்று ஏறும் முன்பே அறியலாம்.

வேலை முடிந்ததும் பேட்டரியை மறக்காமல் மாட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சார்ஜ் வயர் சுவிட்ச் வழியாக வராமல் நேராக வர வேண்டும். அதை மாற்றிப் போட்டால் ஒவ்வோர் இரவும் பேட்டரி தீர்ந்து, தேவைப்படும் நாளில் எரியாது.

ஏணி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

230 வோல்ட் ஷாக்கிலிருந்து தப்பியவர்கள்கூட ஏணியிலிருந்து விழுந்து அடிபடுகிறார்கள். லேசான ஷாக்கே உடம்பைத் தூக்கிப்போடப் போதும். அலுமினிய ஏணி வேண்டவே வேண்டாம். ஃபைபர் ஏணி, அதுவும் நிற்க மேடையும் கைப்பிடியும் உள்ளது சிறந்தது. மேல் படியில் நிற்காதீர்கள், மேசை நாற்காலி மீது ஏறாதீர்கள், கீழே ஒருவர் இருக்கட்டும். லாபி போன்ற உயரமான இடத்தில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால், உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகளின்படி பெர்மிட் இல்லாமல் தொடங்கக் கூடாது.

1991-க்கு முன் கட்டிய கட்டடத்தில் சீலிங் பலகையை அறுக்கவோ துளைக்கவோ வேண்டி வந்தால் நிறுத்துங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; கட்டட நிர்வாகத்திடம் ஆய்வு அறிக்கை கேளுங்கள்.

புதிய பேலஸ்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டியூப்பின் நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள். டி5 என்னும் மெல்லிய டியூப்பில் 28 வாட்டும் 54 வாட்டும் நீளத்தில் ஒன்றே, 1149 மில்லிமீட்டர். முனையில் உள்ள பின்னும் ஒன்றே. ஹோல்டரில் இரண்டும் அழகாக உட்காரும். ஆனால் ஒன்றுக்கு வேண்டிய கரண்ட் சுமார் 0.17 ஆம்பியர், மற்றதற்கு 0.46. 54 வாட்டுக்கான பேலஸ்ட்டில் 28 வாட் டியூப்பைப் போட்டால் கொஞ்ச நாள் பளிச்சென்று எரிந்துவிட்டு, முனைகள் கருகிச் செத்துப்போகும். ஹோல்டரும் சூட்டில் உருகலாம்.

பழைய பேலஸ்ட்டின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் போனால் கடைக்காரரே பார்த்து எடுத்துத் தருவார். எத்தனை டியூப், எந்த வகை, எத்தனை வாட், 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இவை ஒத்துப்போக வேண்டும். பெட்டியின் அகலமும் உயரமும் பாருங்கள். ஃபிட்டிங் மூடி மூடாமல் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

இரும்புச் சோக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் போடுவது என்றால், ஸ்டார்ட்டரையும் கெப்பாசிட்டரையும் முழுதாக நீக்கி, ஹோல்டர் வயரிங்கை லேபிளில் உள்ள படத்தின்படி புதிதாகப் போட வேண்டும். அது வெறும் மாற்றல் வேலை அல்ல. உரிம ஊழியர் முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்ல வேண்டிய வேலை.

மாற்றும் வேலையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

பிரேக்கர் பூட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். டியூப்புகளைக் கழற்றிக் கீழே இருப்பவரிடம் கொடுங்கள். உள் தட்டின் திருகுகளைத் தளர்த்தி, கீழே இறக்குங்கள். கரண்ட் வரும் டெர்மினலில் மேலே சொன்னபடி டெஸ்ட் செய்யுங்கள். பேலஸ்ட் சூடாக இருந்தால் ஆறட்டும்.

எந்த வயரையும் தொடும் முன் கைபேசியில் ஒரு படம். எலெக்ட்ரானிக் பேலஸ்ட்டில் டியூப்புக்குப் போகும் வயர்கள் இரண்டு டியூப் என்றால் ஆறேழு இருக்கும். பெரும்பாலும் நிறம் ஒத்துவராது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட டேப் ஒட்டிவிடுங்கள். குத்திச் செருகும் டெர்மினலில், பக்கத்துச் சின்னத் துளையில் மெல்லிய ஸ்குரூடிரைவரை அழுத்தினால் வயர் தானாக விடும். முறுக்கி இழுத்தால் செம்பு உள்ளேயே முறிந்துவிடும்.

புதிய பேலஸ்ட்டின் லேபிளில், எத்தனை மில்லிமீட்டர் உரிக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் எட்டு, ஒன்பது. அதற்குக் குறைந்தால் பிடிப்பு இருக்காது, கூடினால் செம்பு வெளியே தெரியும். செருகிய பின் ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பழைய பேலஸ்ட்டின் படத்தைப் பார்த்துப் புதியதை மாட்டாதீர்கள். கம்பெனி மாறினால் டெர்மினல் வரிசையும் மாறும். புதிய லேபிளில் உள்ள படம் மட்டுமே கணக்கு.

தட்டைத் திருப்பி வைக்கும்போது வயர் எதுவும் விளிம்பில் நசுங்கவில்லையே என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு டியூப். பிறகு ஏணியை விட்டு இறங்கி, ஏணியையும் நகர்த்திவிட்டு, பூட்டை எடுத்து பிரேக்கரைப் போடுங்கள்.

எர்த் வயர் மாட்டாமலே எரிகிறதே, அவசியமா?

அவசியம். எர்த் இல்லாமல் எரியும், எதுவும் நடக்காதது போலவே இருக்கும். உள்ளே ஒரு வயர் தேய்ந்து உலோக உடம்பைத் தொடும் நாளில், பிரேக்கர் ட்ரிப் ஆவதற்குப் பதிலாக ஃபிட்டிங் முழுவதும் கரண்ட்டோடு தொங்கும். அலுவலக லைட் சர்க்யூட்டுகளில் பலவற்றுக்கு கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி பாதுகாப்பு இருப்பதில்லை. எர்த்தை நம்பித்தான் எல்லாம். எலெக்ட்ரானிக் பேலஸ்ட்டின் உலோக உடம்பு தட்டோடு நன்றாக ஒட்டி இருந்தால்தான் டியூப் ஒழுங்காகப் பற்றும் என்பதும் உண்டு. பெயின்ட் தடுத்தால், திருகின் அடியில் சுரண்டி, பல் வாஷர் போடுங்கள்.

வயரில் கசிவு உண்டா என்று பார்க்கும் இன்சுலேஷன் டெஸ்ட் செய்வதானால் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, எர்த்துக்கு எதிராக மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்தால் புது பேலஸ்ட் அங்கேயே போய்விடும்.

பழைய கெப்பாசிட்டரைத் தொடலாமா?

உடனே வேண்டாம். கரண்ட்டை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கலாம். அதைக் கரைக்க ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த ரெசிஸ்டர் நல்லபடியாக இருக்கும் என்று நம்ப முடியாது. சில நிமிடம் விட்டு, டெஸ்ட்டரால் அளந்து, பிறகு கை வையுங்கள். மிகப் பழைய கெப்பாசிட்டரிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிசிபி என்னும் நச்சுப் பொருள் அந்தக் காலத்தில் பயன்பட்டது. கையுறை போட்டு, தனிப் பையில் கட்டி, ரசாயனக் கழிவாகத் தெரிவியுங்கள்.

டியூப் உடைந்துவிட்டால்?

உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. ஆட்களை நகரச் சொல்லி, அந்தப் பகுதியின் ஏர்கானை நிறுத்தி, ஜன்னலோ கதவோ திறக்க முடிந்தால் திறந்து, கால் மணி நேரம் விடுங்கள். வேக்கூம் போடாதீர்கள், அது பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும். கையுறையோடு அட்டையால் அள்ளி, தூளை ஒட்டும் டேப்பால் எடுத்து, பையில் மூடிக் கட்டுங்கள்.

பழைய டியூப்பையும் பேலஸ்ட்டையும் குப்பையில் போடலாமா?

கூடாது. சிங்கப்பூரின் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. பாதரசம் அந்த வழியில் போகக் கூடாது. 2021 ஜூலை முதல் மின்கழிவுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கும் முறை நடப்பில் உள்ளது, விளக்குகளும் அதில் அடக்கம். கட்டுக் கட்டாகக் கழற்றும் அலுவலகத்தில், டியூப்புகளை உடையாமல் அவற்றின் அட்டைப்பெட்டியிலேயே அடுக்கி, உரிமமுள்ள மின்கழிவு நிறுவனத்தை வரவழைக்க நிர்வாகத்திடம் சொல்லுங்கள். இரும்புச் சோக்கில் செம்பு இருப்பதால் மறுசுழற்சிக்காரர்கள் விரும்பி எடுப்பார்கள்.

கூட வேலை செய்பவருக்கு ஷாக் அடித்து, பிடித்துக்கொண்டால்?

அவரைத் தொடாதீர்கள். பிரேக்கரை அணையுங்கள். அதற்காகத்தான் கீழே இருப்பவருக்கு டிபி எங்கே, எந்த பிரேக்கர் என்று முன்பே காட்டிவைக்க வேண்டும். 995-ஐ அழையுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவரை ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) எடுத்துவர அனுப்புங்கள். பல அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் லாபியில் இருக்கும், குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியிலும் இடம் தெரியும். "ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது" என்று அவர் எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இதயத் துடிப்பின் கோளாறு வெளியே தெரியாது.

"வாடகைதாரர் வேலை பார்க்கிறார், கரண்ட்டை அணைக்காமல் மாற்று" என்று சூப்பர்வைசர் சொன்னால்?

முடியாது என்று சொல்லுங்கள். கோபப்பட வேண்டியதில்லை: "அண்ணே, மதிய இடைவேளையில் அரை மணி நேரம் கொடுங்கள், அல்லது இரவில் செய்துவிடுகிறேன்" என்று மாற்று வழியோடு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டடத்தின் உரிம ஊழியரிடமோ பாதுகாப்பு அதிகாரியிடமோ போங்கள். வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்கும் இடத்தை நிர்வகிப்பவருக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. மனிதவள அமைச்சிடம் நேரடியாகவும் தெரிவிக்கலாம். டியூப் லைட் ஒரு நாள் இருட்டாக இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

சூப்பர்வைசர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் ஆள் "நிறுத்திவிட்டுச் செய்கிறேன்" என்று கேட்டால், அவர் வேலை தெரிந்தவர்.

பேலஸ்ட் மாற்றுவதைவிட எல்இடிக்குப் போய்விடலாமா?

பெரும்பாலான இடங்களில் ஆம் என்பேன். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா அனைத்துலக உடன்பாட்டின்படி டியூப் லைட்டுகளின் தயாரிப்பும் இறக்குமதியும் 2027-க்குள் முடிவுக்கு வருகின்றன. சிங்கப்பூரும் அந்த உடன்பாட்டில் இருக்கிறது. இன்று பேலஸ்ட் மாற்றினால், நாளை டியூப் தேடி அலைய நேரிடும். ஒன்றிரண்டு ஃபிட்டிங் என்றால் பேலஸ்ட்டை மாற்றி ஓட்டலாம். மாடி முழுவதும் வயதானவை என்றால் ஃபிட்டிங்கையே எல்இடியாக மாற்றுவதுதான் பணத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

பழைய ஃபிட்டிங்கில் எல்இடி டியூப் போடுவதானால், எந்த வகை என்று தெரிந்து வாங்குங்கள். ஒரு வகை இருக்கும் பேலஸ்ட்டோடு வேலை செய்யும். பேலஸ்ட் போனால் மறுபடி இதே கதை. இரும்புச் சோக்குக்கான வகையில், ஸ்டார்ட்டருக்குப் பதிலாக டியூப்போடு வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். இன்னொரு வகைக்குப் பேலஸ்ட்டை நீக்கிவிட்டு 230 வோல்ட்டை நேராக ஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். அதில் சில டியூப்புகளுக்கு ஒரே முனையில் லைவும் நியூட்ரலும், சிலவற்றுக்கு ஒரு முனையில் லைவ், மறு முனையில் நியூட்ரல். இப்படி இரு முனையிலும் வயர் வரும் வகையைக் கரண்ட்டோடு மாட்டும்போது ஒரு முனை உள்ளே போய், மறு முனையின் பின்னில் உங்கள் விரல் இருந்தால் ஷாக் அடிக்கலாம். எது போட்டாலும் ஃபிட்டிங்குக்குள், டியூப்பைக் கழற்றினால் கண்ணில் படும் இடத்தில் ஒரு லேபிள் ஒட்டுங்கள்: பேலஸ்ட் நீக்கப்பட்டது, எந்த முனையில் லைவ் வருகிறது, சாதாரண டியூப் போடக் கூடாது, மாற்றிய தேதி. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் காகித லேபிள் உரிந்துவிடும். பிளாஸ்டிக்கில் அச்சடித்ததை ஒட்டுங்கள்.